பக்கம் 212, அடிக்குறிப்பு

954.93.
தீவு முழுவதற்கும் நூலகம் கொடுத்த எண் அது.
எங்கள் மலைக்கென்று தனியாக ஒன்றும் இல்லை.
அப்புத்தளை நகர நூலகம், ஜன்னலோரத் தட்டு,
முப்பத்தொரு புத்தகங்கள்.
இரண்டு மணிக்குப் பனி உள்ளே வரும்,
அங்கத்தவர் அட்டை இல்லாமல்.
வெயில் அடிக்கிற நாளில் அவற்றை
விசிறிபோல விரித்து நிறுத்துவது என் வேலை.
பூஞ்சைக்குச் சரித்திரத்தில் ருசி.
சமையல் புத்தகங்களை அது தொடுவதில்லை.

எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன்.
ஒன்று கோப்பி செத்த கதை.
ஒன்று ரயில் பாதை, எத்தனை சுரங்கம், எத்தனை பாலம்,
மைலுக்கு என்ன செலவு.
ஒன்றில் நூற்று நான்கு பெரணிகள்,
ஒவ்வொன்றுக்கும் லத்தீனில் முழுப்பெயர்.
அவற்றைப் பறித்தவரின் பெட்டியைச் சுமந்தவனுக்கு
'ஒரு பையன்' என்பது பெயர்.
தடித்த ஒன்றின் சொல்லடைவில்
என் சனத்தைத் தேடினேன்.
'தொழிலாளர்: பார்க்க, செலவுகள்.'
பார்த்தேன்.
அரிசிக்கும் எருவுக்கும் நடுவே இருந்தோம்.

நவம்பரில், டன்கெல்வி தோட்டத்தில்
ஏழாம் நம்பர் மலை இறங்கியது.
எண்ணிக்கை பத்திரிகைக் கட்டில் இருக்கிறது, அதை விடுங்கள்.
அந்த லயத்து விதுஷான்
கடலைப் பற்றிய புத்தகம் ஒன்று எடுத்துப் போயிருந்தான்.
தவணை தாண்டியவர்கள் பட்டியலை
இந்த மாதம் நான் ஒட்டவில்லை.

மூன்றாம் வாரம், பூட்ஸில் அதே சேற்றோடு
ருவந்தி என்றொருத்தி வந்தாள், மண்ணை ஆராய.
பழைய வரைபடம் இருக்கிறதா என்றாள், அரைகுறைத் தமிழில்.
இருக்கிறது, பூஞ்சை பிடித்திருக்கிறது என்றேன்,
அதே அளவு சிங்களத்தில்.
டன்கெல்வித் துரையின் நினைவுகளைத் திறந்தோம்.
வேட்டை. மறுபடி வேட்டை.
மனைவியின் ரோஜாச் செடிகள்.
ஒரு சிறுத்தைக்கு ஆறு பக்கம்.
வரைபடத்தில் ஏழாம் நம்பர் இருக்கும் இடம்
வெறும் வெள்ளை.

அவள் மூடப் போனாள்.
212இன் அடியில், எறும்பு எழுத்தில், நட்சத்திரம் போட்டு:
'கூலிகள் இச்சரிவை நாடாகர மல்லி என்கிறார்கள்.
பொருள் தெரியவில்லை.
இங்கே அடுப்பு மூட்டவும் மறுக்கிறார்கள்.
இவர்களுடைய மூடநம்பிக்கைக்கு எல்லை கிடையாது.
புதிய லயத்தை இங்கேயே கட்டச் சொல்லியிருக்கிறேன்.'

மல்லி என்றால் தம்பி, என்றாள் ருவந்தி.
எங்களுக்கு அது ரசத்தில் போடுவது, என்றேன்.
சிரித்தோம்கூட.
நாடாகர மல்லி, நாடாகர மல்லி,
துரையின் வாயை வைத்துக்கொண்டு
இரண்டு தடவை உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.
மூன்றாம் தடவை அது என் வாயாகிவிட்டது.

நடக்கிற மலை.

அவளுக்கு அதைச் சிங்களத்தில் சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
வார்த்தை தெரியாமல் இல்லை.
அவள் பக்கத்தைப் படம் பிடித்தாள். கை ஆடி,
மறுபடி பிடித்தாள்.
மற்ற மலைகளை என்னவென்று கூப்பிடுவீர்கள், என்றாள்.
வழுக்கைக்கல், என்றேன். ஊத்துக்கண். இருமல் பள்ளம்.
இருமல் பள்ளத்தில் இருபத்து நான்கு வீடு.
அவள் எழுதிக்கொண்டே போனாள்.

அவள் போன பிறகு சொல்லடைவைத் திருப்பி,
'நரி'க்கு மேலே இருந்த சின்ன இடைவெளியில்
பென்சிலால், நிமிர்ந்த எழுத்தில்:
நடக்கிற மலை, 212.

புத்தகத்தில் எழுதினால் ஐம்பது ரூபா தண்டம்.
அறிவித்தல் என் கையெழுத்தில்தான் தொங்குகிறது.
பெட்டியில் காசைப் போட்டு
ரசீது கிழித்தேன்:
எஸ். பிலோமினாவிடம் பெற்றுக்கொண்டது.
காரணம் என்ற கோட்டில்
பேனா கொஞ்சம் நின்றது.
பனி வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்த வேண்டும்.