பங்கு வரலாறு, ஒன்றரைப் பக்கம்

அதற்குமேல் போனால்
வேலந்தாவளம் உரக்கடை விளம்பரத்துக்கு இடமில்லை
என்றார் பங்குச் சாமியார்.
நூற்றைம்பதாவது ஆண்டு மலர்.
தேருக்குள் அச்சாக வேண்டும்.
மூன்று பதிவேடுகளைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்:
பிறப்பு, கல்யாணம், அடக்கம்.

முதலாவது லத்தீன்.
பிரெஞ்சுக்காரர் ஒருவர்
காதில் விழுந்த வாக்கில் எங்களை எழுதியிருக்கிறார்.
கருமாண்டிக்களம் ஐந்து விதமாக வருகிறது.
சவரியாயி ஓரிடத்தில் ஆண்.

தாது வருஷம், மாசி மாதம்:
நாற்பத்தொரு ஞானஸ்நானம்.
விசுவாசம் பொங்கிய காலம் என்கிறது பழைய மலர்.
அடக்கப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து
பெயர் பெயராகக் கழித்துக்கொண்டே வந்தேன்.
பங்குனிக்குள் முப்பத்தாறு போயிற்று.
மிச்சம் ஐந்து.
அதில் ஒருத்திக்கு வயது ஆறு இருக்கலாம்,
தகப்பன் பெயர் தெரியவில்லை,
கஞ்சித்தொட்டி அருகே கிடைத்தவள்.
மதலேன் என்று வைத்திருக்கிறார்கள்.

மணியைப் பற்றி நாலு வரி எழுதினேன்.
கஞ்சிக்கோட்டில் ரயில் இறங்கி
வண்டி அச்சு முறிந்து
எட்டு நாள் சாலையோரம் கிடந்த மணி.
மணி எல்லோருக்கும் பிடிக்கும்.

ஐம்பத்தாறு நவம்பர்.
ஓடைதான் எல்லை என்று கல் நட்டுப் போனார்கள்.
கோவில் கேரளத்தில். கல்லறை மதராஸில்.
அன்று முதல் எங்களில் செத்தவர்கள்
மாநிலம் கடந்துதான் புதைந்தார்கள்.
செக்போஸ்ட் மூங்கில் எழும்,
காவலர் தொப்பியைக் கழற்றுவார்.
கொரோனாவில் எழவில்லை.
செங்கோல்மேரியின் பெட்டி
காலை பத்திலிருந்து மாலை நாலு வரை வெயிலில்.
இ-பாஸ் படிவம்
திரும்பும் தேதி கேட்டது.

சாமியார் அதைப் படித்து லேசாகச் சிரித்தார், விட்டுவிட்டார்.
அடுத்த பத்தியில் பேனாவை வைத்தார்.

இரண்டாம் அடக்கப் புத்தகத்தில்
ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஓரெழுத்து:
வ. அல்லது தெ.
வடக்கு, தெற்கு.
நடுவே இடுப்பளவு மண்சுவர்.
எழுபத்தேழு மழையில் கரைந்து விழுந்தது.
திரும்பக் கட்டுவதா கூடாதா என்ற சண்டையில்
கோவிலுக்குப் பூட்டு.
கல்யாணப் புத்தகத்தில் இரண்டு வருஷம் வெள்ளைத் தாள்,
கறையான்கூடத் தொடவில்லை.
அப்போது கட்டியவர்கள் ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டினார்கள்,
என்னைப் பெற்றவர்களும்.

நல்ல நாளில் இதெல்லாம் எதற்கு, என்றார்.
கோடு இழுத்தார், ஸ்கேல் வைத்த மாதிரி.
கெட்டவர் இல்லை.
கேக் கட்டிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

கொடிவழி பிடித்துப் போனால்
வடக்கில் படுத்தவர்களில் பாதிப் பேரும்
மதலேன் வாசலில்தான் போய் முட்டுகிறார்கள்.
அவள் பெயருக்கு எதிரே
தெ.
வருஷம் முப்பத்தெட்டு.

மலர்க்குழு மேசையில் கேட்டேன்:
கால் பக்க விளம்பரம் எவ்வளவு?
எழுநூறு.
கட்டினேன். ரசீது எண் அறுபத்து மூன்று.

உரக்கடைக்குக் கீழே, பஞ்சர் கடைக்கு மேலே
என் கட்டம்.
நானூற்றுப் பதினொரு பெயருக்கு அது போதாது.
எண்ணை மட்டும் போட்டேன்.
411 தெ.
அதன் கீழே மதலேன், ஒரே ஒரு பெயர்.

அச்சகத்தில், கேட்காமலே,
அடியில் சேர்த்துவிட்டார்கள்:
அன்பு வாழ்த்துகளுடன்.