நீர் நிறுத்திப் பார்த்தல்

பதினோராம் மாடி மேடம் ஊய்
மூன்றாவது கடிதத்தோடு படமும் ஒட்டியிருந்தார்.
அவர் குளியலறை சீலிங்கில் பழுப்பாய் ஒரு கறை.
லங்காவித் தீவு மாதிரி இருக்கிறதே என்றேன்.
நிர்வாக அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை.

மஸ்ருன் லொம்போக்கிலிருந்து வந்தவர்.
உளி வைக்குமுன் டைலைத் தட்டிக் காது கொடுத்தார்,
தர்பூசணி வாங்குகிறவரைப் போல.
"கோசோங்" என்றார்.
உள்ளே ஒன்றுமில்லையாம்.

முதலில் டைல்,
மூன்று கடை ஏறி இறங்கி நான் எடுத்த சாம்பல் நிறம்.
அடியில் பசை: சீப்பு இழுத்த கோடுகள் கலையாமல்,
எதையும் தொட்டுப் பழகாதது போல.
பிறகு இரண்டு விரற்கடை மணலும் சிமெண்டும்;
நகம் பட்டாலே உதிர்கிறது.
அதற்கும் கீழே ஒன்று இருந்திருக்க வேண்டும்,
ஒன்றரை மில்லிமீட்டர்த் தோல்,
மூலையில் மடங்கிச் சுவரில் ஒரு சாண் ஏறி
நீரைத் தடுத்து நிற்பது.
மஸ்ருன் தேடினார். நானும் குந்தித் தேடினேன்.
வடிகாலின் கழுத்தில் மட்டும் கறுப்பாய் ஒரு வளையம்,
யாராவது பார்க்க வந்தால் காட்டுவதற்கு.
மற்ற இடமெல்லாம் நேரே கான்கிரீட்.
கம்பியின் துரு அதில் வியர்த்திருந்தது.

பாயான் லெப்பாசில் எனக்கு இரவு வேலை.
சில்லுக்குள் ஒலி அனுப்பி
எங்கே படலம் பிரிந்திருக்கிறது என்று பார்ப்பேன்.
மயிரிழை விலகினாலும் சிவப்புப் பெட்டிதான்.
முப்பத்தைந்து வருடக் கடனில் வாங்கிய வீட்டை
ஒருநாளும் தட்டிப் பார்த்ததில்லை.

குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று,
இரண்டு பூச்சு பச்சையாய்க் காய்ந்ததும்
வடிகாலைப் பழைய சட்டையால் அடைத்து
கணுக்கால் மூழ்க நீர் நிறுத்தினோம்.
ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும்.

கீழே போனேன்.
மேடம் ஊய் இரண்டு பிளாஸ்டிக் முக்காலி போட்டிருந்தார்.
கோப்பி-ஓவைக் கையில் பிடித்தபடி
இருவரும் லங்காவியை அண்ணாந்து பார்த்தோம்.
"ராத்திரியில் கோலி உருட்டுவானே,
உன் மகன் தூங்கவே மாட்டானா?"
எனக்கு மகன் இல்லை என்றேன்.
இரவில் வீட்டில் ஆளே இல்லை.
குழாய்க்குள் தண்ணீர் முட்டித் திரும்பும் சத்தம் அது.
கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.
எட்டு வருடமாய் அவனுக்கு வயது கூட்டி வந்திருக்கிறார்;
இந்த ஜனவரியில் பள்ளிக்கும் அனுப்பிவிட்டாராம்.

பத்தரைக்கு ஒரு சொட்டு விழுந்தது.
முக்காலி சரிய எழுந்தோம்.

அவர் வீட்டுக் குழாய்.
வாஷர் தேய்ந்திருக்கிறது.