கூரை இல்லாத எண்கள்

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜூலை, காலை நாலே முக்கால்.
புல்லின் மேல் உறைபனி. நார்த்டேலில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.
குழாயைத் திறந்தேன்.
கீசர் இரண்டு முறை தொண்டையைச் செருமிவிட்டு
சிவப்பில் ஒன்றை எழுதி நிறுத்திக்கொண்டது:
EU.

கையேட்டில் இருந்தவை E0 முதல் E9 வரை,
பத்துப் பிழைக்குப் பத்து மருந்து.
இது பதினோராவது பிள்ளை,
பேர் வைக்க மறந்திருக்கிறார்கள்.

பேட்டரிகளைக் கழற்றி, நைட்டியில் துடைத்து, திரும்பப் போட்டேன்.
EU.
பக்கத்துச் சந்தில் போய் சிலிண்டரை ஆட்டினேன்,
உள்ளே காஸ் கனமாகப் புரண்டது.
EU.
தலையில் ஒரு தட்டு. எங்கள் டிவிக்கு அது போதும்.
EU.

வாங்கியதே மின்வெட்டுக்குப் பயந்துதான்.
இன்றைக்குப் பார்த்து மின்சாரம் இருக்கிறது,
தெருவிளக்குகூட எரிகிறது.

மூன்சாமிக்குப் போன் போட்டேன்.
முனிசாமிதான். கப்பலிறங்கிய நாளில் எந்தக் கணக்கரோ
ஓர் இகரத்தை விட்டு எழுத,
நாலு தலைமுறையாய் நிலவுச்சாமி.
"EU-வா? அதை ஐரோப்பாவைத்தான் கேட்கணும்" என்று
தன் ஜோக்குக்குத் தானே சிரித்து இருமினார்.
வந்து பார்க்க அறுநூற்றைம்பது ராண்ட்,
அதுவும் வியாழக்கிழமை.
எனக்கோ ஐந்தே முக்காலுக்கு பஸ்.

பெரிய கெட்டிலை அடுப்பில் ஏற்றினேன்.
குழாயை மூடி நின்ற நேரத்தில்
வேலையற்ற விரல் கூட்டல் பொத்தானை அழுத்தியது.
44.
அடுத்து, தலையில்லாத ஓர் ஐந்து.
அடுத்து, b மாதிரி ஏதோ.
அடுத்து, 41.

நாற்பத்தாறு தாண்டினால் நாற்பத்தொன்றா?

எனக்கு வேலை காலணித் தொழிற்சாலையில்,
அடித்தோலில் அளவெண் குத்தும் மேசை.
போன வருஷம் அச்சொன்று தேய்ந்து மேல்கோடு விழாமல்
ஏழாம் நம்பர் முந்நூறு ஜோடி
ஒன்றாம் நம்பராய் டர்பன் போய்த்
திட்டோடு திரும்பி வந்தது.
எண்ணில் தப்பில்லை. கூரைதான் போயிருந்தது.

இங்கேயும் கடைசிக் கட்டத்தின் கூரை செத்திருக்கிறது,
எத்தனை மாதமாகவோ.
கோடையில் 41, குளிரில் 44 என்றே வைத்துப் பழக்கம்;
ஒன்றுக்கும் நாலுக்கும் பிறவியிலேயே கூரை கிடையாது,
எங்கிருந்து தெரியும்?

அது U அல்ல, மூடி திறந்த பூஜ்யம்.
E0: புகைக்குழாய் அடைப்பு.

டார்ச்சோடு பின்பக்கம் போனேன்.
நேற்று லோகன் அடித்த பீச் நிறத்தில் சுவர் பளபளத்தது.
புகைக்குழாயின் வாயில் ஒரு ரொட்டிப் பை.
பெயிண்ட் உள்ளே தெறிக்காமல் இருக்க
மூன்று சுற்று டேப்,
கைக்குழந்தைக்குக் குல்லா கட்டும் கவனத்தோடு.
கட்டின கையோடு நைட் ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

குளிரில் ஒரு நிமிடம் நின்றேன்.
அடம்பிடிக்காமல் அது எரிந்திருந்தால்
அத்தனை புகையும்
நான் கதவைச் சாத்திக் குளிக்கிற அறைக்குள்.
தலையில் தட்டிய கை கொஞ்சம் கூசியது.

டேப்பை உரிக்க, புதுப் பெயிண்டும்
ஒரு விரலகலம் கூடவே வந்தது.

குழாய். செருமல். புஃப் என்று நீலம்.
44, ஒரு கோடும் குறையாமல்.
தாமதமாய்க் கொதித்த கெட்டிலில் டீ போட்டேன்.

ரொட்டிப் பையை நாலாய் மடித்து
ஃப்ரிட்ஜ் கதவில், காந்தத்தின் அடியில் செருகினேன்.
எதுவும் எழுதி வைக்கவில்லை.
ஆறே காலுக்கு அலுமினிய ஆலையிலிருந்து வருவார்,
வந்ததும் முதலில் பால் எடுக்கத்தான் அங்கே போவார்.