ஆறாவது கல்

கொட்டாம்பட்டிக்குத் தெற்கே,
பெருவழி போன தடம் என்று நாங்கள் நம்பும்
புளியந்தோப்பில் நான்காம் குழி.
எண்பது சென்டிமீட்டரில் சாம்பல்.
அதற்கும் கீழே, வாயுடைந்த சட்டிக்குள்
ஆறு எடைக்கற்கள்,
ஒன்றின்மேல் ஒன்று சுருண்ட பூனைக்குட்டிகளாய்.

முகாம் தராசு பழுது.
மேலூர் அடகுக்கடை சோலையப்பனிடம் இரவல் கேட்டோம்.
தராசைத் தனியே அனுப்ப மனமில்லாமல்
அவரும் பஸ் ஏறி வந்தார்.

ஐந்து கற்கள் ஒன்றுக்கொன்று இரட்டிப்பாய்
சொன்னபடி ஏறின.
ஆறாவது மட்டும் எங்கோ இடறியது.
புரட்டினேன்.
அடியில் துளை. துளை நிறைய அரக்கு.
அரக்கின்மேல் கல்லின் நிறம்.

மிளகோ, கற்பூரமோ,
எவள் முந்தானையில் எத்தனை மணி குறைந்ததோ.

வணிகக் குழுவின் புகழ்
ஊர்க் குளத்துக் கல்லில் நாற்பது வரி.
அதில் இவன் பெயர் இல்லை.
இங்கே இருக்கிறது,
பெருவிரல் பட்டுப் பட்டு வழவழத்த ஓரம்.
என் விரலும் அங்கேயே போய் உட்கார்ந்தது.

பதிவேட்டில்
'எடை குறைவு: காரணம்' என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார் சோலையப்பன்.
"தேய்மானம்னு போடுங்க மேடம்.
நாங்க அப்படித்தான் போடுவோம்."