எட்டு

நாலாவது வியாழக்கிழமை.
ஒன்பதே முக்காலுக்கே மலை சுட ஆரம்பித்திருந்தது.
கிருஷ்ணகிரியில் வெயில் மேலிருந்து வருவதில்லை,
பாறையிலிருந்து வருகிறது.

மைதானத்தில் சுண்ணாம்பால் போட்ட எட்டு.
பாதி அழிந்திருந்தது.
எனக்கு மனப்பாடம்.
மூன்று முறை அதன் இடுப்பில்
கால் ஊன்றியிருக்கிறேன்.
தரைக்கு என் செருப்பின்மேல் அப்படியொரு பிரியம்.

வேப்பனப்பள்ளி சுகாதார நிலையத்தில்
ரத்தம் எடுப்பவள் நான்.
ஊசியில் நடுங்காத கை
ஹேண்டில்பாரில் நடுங்குகிறது.
"நாற்பத்திரண்டு வயசுல இது தேவையா?"
வீட்டில் யாரும் கேட்கவில்லை.
கேட்பது நான்தான்,
பல் துலக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது.
வேறு யாருக்கும் அந்த வேலையை
விட்டுக்கொடுத்ததில்லை.

பட்டியலில் முதல் பெயர் தில்ஷாத்.
பழையபேட்டை. பிளவுஸ் தைத்து
வீடுவீடாகக் கொடுப்பவளாம்.
நிழலுக்காக என் பக்கம் ஒதுங்கியவள்
ஹெல்மெட்டைக் கவிழ்க்காமல் பிடித்து
அதற்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.
"அக்கா, கால் வச்சா அவ்ளோதானா?"

அவ்வளவுதான் என்று சொல்ல
என்னைவிடத் தகுதியானவர் அங்கே கிடையாது.
வாய் வேறு சொன்னது:
"சக்கரத்தைப் பார்க்காதே.
கோட்டைப் பார்க்காதே.
போய்ச்சேர வேண்டிய இடத்தைப் பாரு,
கழுத்து திரும்புற பக்கம் வண்டி வரும்."

டிரைவிங் ஸ்கூல் பையன் எப்போதோ சொன்னதா,
அந்த நிமிடம் பிறந்ததா, தெரியவில்லை.
எனக்கு நானே ஒருநாளும் சொன்னதில்லை,
அது தெரியும்.

முதல் வளைவிலேயே
அவள் முழங்கால் வெளியே பிதுங்கியது.
"ஒண்ணுமில்ல, எறும்பு கடிதான்" என்று
நோயாளியிடம் முணுமுணுக்கும் என் தொண்டை
மாங்காய் மண்டியில் ஏலம் விடும் தொண்டையாகிவிட்டது:
"கண்ணைத் தூக்கு தில்ஷாத்! அப்படித்தான்! விடாதே!"
ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார்.
அவள் முடித்துவிட்டு நின்றாள்,
தன் கால் எங்கே என்று தேடுகிறவள் போல.

பிறகு வரிசையே என்னிடம் வந்தது.
ஓசூர் கம்பெனிக்கு ஷிஃப்ட் போகும் பையன்,
ராயக்கோட்டைத் தக்காளி வயல் சேறு
விரலிடுக்கில் காயாத முனிரத்தினம்மா,
பர்கூர் கிரானைட்டில் கணக்கெழுதும் ருக்மாங்கதன்.
"எந்த டிரைவிங் ஸ்கூலுங்க நீங்க?"
பொய் சொல்லவில்லை. பதிலும் சொல்லவில்லை.

ருக்மாங்கதன் விழுந்தே விட்டார்.
என் கத்தல் அவரைக் காப்பாற்றவில்லை.
மூக்குக்கண்ணாடியைப் பொறுக்கிக் கொடுத்து
"அடுத்த வாரம் வாங்க சார்,
நான் மூணு வியாழன் தோத்தவ" என்றேன்.
சிரித்துவிட்டார்.
முடிந்துவைத்திருந்த மூன்று வியாழனையும்
வெட்கமில்லாமல் எடுத்துச்
செலவழித்தது அன்றுதான்.

"நாகவேணி!"
யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று
அவளுக்குத் தைரியம் சொல்லத் திரும்பினேன்.

நான்தான்.

வண்டி நகர்ந்ததும் பின்சீட்டில்
பழைய கேள்வி ஏறி உட்கார்ந்தது.
தேவையா, தேவையா.
எட்டின் இடுப்பு வந்தது.
பாதம் தரையை மோப்பம் பிடித்தது.
அப்போது வேலியோரத்திலிருந்து
உருது கலந்த தமிழில்
என் வாக்கியம் எனக்கே எதிரே வந்தது:
"கோட்டெ பாக்காதே அக்கா! கண்ணு மேலே!"
"அப்படித்தான்!" இது முட்டி சிராய்த்த ருக்மாங்கதன்.

கண்ணைத் தூக்கினேன்.
கோட்டை விட்டுவிட்டு
மலைமேல் இருக்கும் கோட்டையைப் பார்த்தேன்.
இடிந்த சுவரில் ஒரு ஆடு நின்றது,
எந்தச் சந்தேகமும் இல்லாமல்.

சுண்ணாம்புக்கு அப்பால் வந்து
கால் ஊன்றினேன்.
அதே தரைதான்.

ஆய்வாளரின் பேனா எழுதவில்லை.
உதறி உதறி எழுதினார்.

உரிமம் தபாலில் வர வேண்டும்.
அதுவரை வேப்பனப்பள்ளி பஸ்தான்.
ஏரிக்கரை வளைவில்
முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த ஓட்டுநருக்குக்கூடப்
பின்னாலிருந்து முணுமுணுத்துவிட்டேன்:
அப்படித்தாங்க அண்ணா,
கண்ணைத் தூக்குங்க.