ஜே வரிசை, பதினான்கு, பதினைந்து

மணவிலக்கில் எல்லாம் பிரிந்தது.
வீடு எனக்கு. மைவி ஜோதிநாதனுக்கு.
வங்கிக் கடன் பாதிப் பாதி.
பதினோராம் மாடிக்கு ஏற்றியபோது பட்ட பாட்டை நினைத்து
பியானோவை அவன் கேட்கவே இல்லை.
இரண்டு நாற்காலிகள் மட்டும்
எந்த வக்கீலின் கண்ணிலும் படவில்லை:
இரட்டைக் கோபுரத்தின் அடியில், கச்சேரி மண்டபத்தில்,
ஜே வரிசை, பதினான்கு, பதினைந்து.
மாதம் ஒரு சனிக்கிழமை.

ஆகவே இன்றும் வருகிறான்.
பாத்தேக் சட்டை, நான் தேய்க்காத மடிப்புகளோடு.
"சாப்டியா?"
"ஆச்சு."
விளக்கு மங்குகிறது.
ஓபோ ஒரு ஸ்வரத்தை நீட்ட
எண்பது பேர் வந்து அதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.
அவன் கண்ணை மூடுகிறான்,
சுடுசோற்றின் முன் உட்கார்ந்தவன்போல.

இன்றைக்கு வாசிப்பது
யாரோ ஒருவர் பியானோவுக்கென்றே எழுதி,
அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் கழித்து
இன்னொருவர் இத்தனை வாத்தியங்களுக்கும் பங்கு வைத்தது.
பங்கு வைத்தது என்பேன் நான்.
உயிர் கொடுத்தது என்பான் அவன்.
எங்கள் சண்டைகளில் மூத்தது இதுதான்.
மற்றவையெல்லாம் செத்துவிட்டன.

கட்டடச் செலவு கணக்கிடுபவன், அப்படித்தான் பேசுவான்:
"பியானோ வெறும் பிளான்.
பிளானில் யார் குடியிருப்பார்கள்?
கொம்பு ஊதும்போது கவனி, சுவர் எழும்பும்.
செல்லோ வந்தால் காலடியில் தரை சில்லென்றிருக்கும்.
பஸூன் என்றால்
குசினியில் யாரோ முனகிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறார்கள்."

பஸூன் விஷயத்தில் அவன் சொல்வது சரிதான்.
ஒப்புக்கொண்டதில்லை.

கடைசியில் ஒரு மணி வரும்.
மேடையில் நிஜ மணியையே தொங்கவிட்டிருக்கிறார்கள்.
கறுப்புச் சட்டைப் பெண் ஒருத்தி சுத்தியலோடு
அரைமணி நேரத்துக்கு மேல் காத்திருந்து
எழுந்து அடிக்கிறாள்.
அடித்தால் மணி கேட்கிறது.
கேட்காமல் என்ன செய்யும்?

என்னிடம் மணி கிடையாது.
கம்பி, மரம், கம்பளி சுற்றிய சுத்திகள்.
விரலை எடுத்தபின்னும் மிதியை விடாமலிருந்தால்
இல்லாத ஒன்று
பிரிக்ஃபீல்ட்ஸ் கூரைகளுக்கு மேலே எங்கோ அசையும்.
இதை அவனிடம் ஒருமுறை சொன்னேன்.
சிரித்தான்.

வெளியே மழை. கிராப் நாற்பத்தேழு வெள்ளி காட்டியது.
"ஏறு, என் வரிக் கடிதம் இன்னும் உன் வீட்டுக்குத்தானே வருது."

கடிதத்தைத் தேடி அறைக்குள் போனேன்.
திரும்பினால்
பியானோவின் அடிப்பலகையைக் கழற்றிவிட்டு
தலையை உள்ளே விட்டிருக்கிறான்.
"பல்பு எப்ப போச்சு?"
ஈரம் ஏறாமலிருக்க உள்ளே எரிய வேண்டிய பல்பு.
மாற்றுவது அவன் வேலையாக இருந்தது.
அது போனதே எனக்குத் தெரியாது.

"சரி, அந்த இடத்தை வாசி," என்றான் உள்ளேயிருந்தே.
"எந்த இடம்?"
"உன் மணி."

வாசித்தேன். கீழ்வீட்டு மிசஸ் சியா
ஒன்பதுக்கு மேல் பொறுக்கமாட்டார், ஆனாலும் முழுக்கையோடு.
நடுவில் ஒரு கட்டை, மழைக்கு ஊதிப்போனது,
இறங்கியது ஏறவில்லை.
மற்ற ஒலியெல்லாம் அடங்கிய பிறகு
அது ஒன்று மட்டும் நின்று
நீண்டு
மெலிந்து

நாங்கள் இருவரும் பேசவில்லை.
ஃபிரிட்ஜ் தன் மோட்டாரை நிறுத்தியது.

"அது மணி இல்ல, ரிப்பேர்," என்றான்,
கழுத்துத் தூசியைத் தட்டிக்கொண்டே.
அவன் அதைச் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை
நான் எண்ணியிருந்தேன். பதினொன்று.

செருப்பை மாட்டும்போது,
"அடுத்த வருஷத்துக்கும் கட்டிட்டேன்.
பாதியை அனுப்பிடு."

லிஃப்ட் எண்கள் இறங்குவதை வாசலில் நின்று பார்த்தேன்.
ஏழு, ஆறு, ஐந்து.
நான்காம் மாடிக்கு நான்கென்று பேர் வைக்காத கட்டடம்.
3ஏ-வில் கொஞ்சம் நின்றது.
யாராவது ஏறியிருப்பார்கள்.