உப்பிட்டால் போய்விடும்

ஹாலே நகரில் நவம்பர்.
சாலெ ஆற்றின் மேல் பனிப்புகை.
மேசையில் முப்பத்தாறு முட்டைகள்:
வெள்ளைக்கரு எனக்கு,
மஞ்சள்கரு ரொன்யாவுக்கு.
அவள் வீட்டில் இந்த வாரம் மூன்றாவது கேக்.

எனக்கு வேண்டியது லைசோசைம் ஒன்றுதான்,
வெள்ளைக்கருவின் புரதத்தில்
நூற்றுக்கு மூன்றரை.

எண்ணெயும் தண்ணீரும் போல என்று
பேசாத தம்பதியைச் சொல்வோம்.
நடுவே சோப்புக்கு உறவான ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.
நீர் பிடிக்கும் தலைகள் உள்நோக்கிக் கூட,
எண்ணெய் பிடிக்கும் வால்கள் வெளியே விரிய,
எண்ணெய்க்குள் எண்ண முடியாத குட்டி அறைகள்.
ஒவ்வொன்றிலும்
ஒரு புரதம் நனையும் அளவு தண்ணீர்.
சுவர் எதிர்மின், வருவது நேர்மின்.
அழைக்காமலே வந்து உட்கார்ந்தது லைசோசைம்.
மற்றவை வாசலோடு நின்றன.

வரவழைப்பது பாதி வேலை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்தவள் நான்.
இங்கே உப்பிட்டால்தான் விட்டுப் போகும்.
உப்பு ஏற ஏறப் பிடி தளரும், அறை சுருங்கும்,
விருந்தாளி வெளியே.
நூற்றாண்டுகளாக உப்புக் காய்ச்சிய ஊர் இது;
என் உப்போ பிளாஸ்டிக் டப்பாவில் வந்த பொட்டாசியம் குளோரைடு.

செவ்வாய்: வரவில்லை.
வியாழன்: இரண்டு அடுக்குக்கும் இடையே ஆடை கட்டியது.
தொட்டதும் கிழிந்தது.
அதுதான் என் புரதம்.
வெள்ளி: பாதி வந்தது, உயிரில்லாமல்.

சனிக்கிழமை நான்கு குழாய்கள்.
மூன்றில் அதே ஆடை.
நான்காவதில் மேலே தெளிவு, கீழே தெளிவு,
நடுவே ஒரு கோடு, அவ்வளவுதான்.
மூடியைத் திறந்து மோந்தேன்:
ஊசி போடுமுன் தேய்க்கும் பஞ்சின் வாசனை.
ஆல்கஹாலில் கழுவியவள்
கவிழ்த்து உலர்த்த மறந்திருக்கிறேன்.

தெளிவை நம்பாதே என்று அந்த வாரம் கற்றிருந்தேன்.
பாக்டீரியா கலங்கிய குவெட்டில்
அடி நீரில் ஒரு சொட்டு விட்டேன்.
உயிருள்ள லைசோசைம் அவற்றின் சுவரை அறுக்கும்,
கலங்கல் தெளியும்.

திரையில் 0.70
0.70
0.69
ஆய்வகத்துக்குள் கேக் கூடாது;
கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
ரொன்யா கத்தியை அந்தரத்தில் நிறுத்தினாள்.
0.61
0.48
கத்தியில் ஒட்டிய மஞ்சள்
அதே முட்டைகளின் மறுபாதி.

கதவைத் திறந்து சொன்னேன்:
திங்கட்கிழமை தொண்ணூறு முட்டை வேண்டும்,
வேண்டுமென்றே ஆல்கஹால் விட்டு, ஒவ்வொரு சொட்டாகக் கூட்டி.

"சரி" என்றாள்.
"முதலில் கேக் தின்ன ஆள் பிடி."